முனிரத்தினம் சாருக்கு, ட்ரே வாங்குமுன்

இருபது ட்ரே வாங்கப்போவதாகச் சொன்னீர்கள்.
வேண்டாம் சார்.
காலி பஸ்ஸும் டீசல் குடிக்கும் என்பதை
முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவருக்கு
நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு போதும்.
ஒன்றில் முள்ளங்கி, ஒன்றில் கடுகு.
சூரியகாந்தி இப்போது வேண்டாம்,
அது தன் தோலைத் தலையில் மாட்டிக்கொண்டே நிற்கும்.
ஒவ்வொன்றுக்காய்த் தொப்பி கழற்றி
என் கட்டைவிரல் நகம் போனது.

கடையில் ரோஸ் நிறத்தில் மினுக்கும் விதை தந்தால்
வாங்காதீர்கள்.
அது வயலுக்கு, மருந்து தடவியது.
நம் பயிர் வளர்ந்து கழுவி மறக்க நேரமில்லாதது,
எட்டாம் நாள் யாரோ ஒருவர் வாயில் இருக்கும்.

காட்பாடியில் உங்கள் தெரு போர் தண்ணீர்
பக்கெட் அடியில் வெள்ளையாய்ப் படியுமா?
படிந்தால் கேன் தண்ணீர்.
கணக்கில் அதையும் எழுதுங்கள்,
நான் முதல் நான்கு மாதம் எழுதவில்லை,
லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூவி, நனைத்து, இன்னொரு ட்ரேயால் மூடி
மேலே கனமாய் ஏதாவது வையுங்கள்.
அமுக்கினால்தான் வேர் கீழே போகும்.
நான் வைப்பது செருப்பு அச்சுகள்:
ராணிப்பேட்டை கம்பெனி மூடியபோது
சம்பள பாக்கிக்குப் பதிலாய்க் கிடைத்தவை.
ஆறும் இடது கால்.

மூன்றாம் நாள் திறந்தால்
வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு.
பூஞ்சை என்று பதறி
என் முதல் ட்ரேயை அப்படியே குப்பையில் கொட்டினேன்.
அது வேர்முடி சார்.
தண்ணீர் தெளியுங்கள், படிந்துவிடும்.
பூஞ்சை படியாது,
தண்டுக்குத் தண்டு வலை கட்டும்,
மழையில் நனைந்த ஷூ போல நாறும்.
அந்த நாற்றம் எனக்குப் பதினோரு வருடப் பழக்கம்.

சித்திரை பிறந்தால் மொட்டைமாடியை மறந்துவிடுங்கள்.
வேலூர் வெயிலில் காலையில் நின்றது
மதியம் சாஷ்டாங்கமாய் விழும்.
வடக்குப் பார்த்த அறை, ஒரு ஃபேன்.
எங்கள் வீட்டில் அது படுக்கையறை.
என் வீட்டுக்காரர் தயாளன் ஹாலில் தூங்குகிறார்,
கடுகு ஃபேனுக்கடியில்.

விதைக்குமுன் விற்றுவிடுங்கள்.
கிரீன் சர்க்கிள் பக்கம் ஓட்டலில்
தினம் அரைக்கிலோ கேட்பார்கள்.
முதல் மாதம் பணம் வரும்,
இரண்டாம் மாதம் "மேனேஜர் இல்லைம்மா" வரும்.

ஐம்பது கிராம் எழுபது ரூபாய் என்றதும்
"இன்னாம்மா, இந்தக் காசுக்கு ஏழு கட்டு அரைக்கீரை வருமே"
என்பார்கள்.
வரும்தான். வாதாடாதீர்கள்.
தயிர்சாதத்தின்மேல் ஒரு சிட்டிகை தூவிக் கொடுத்துவிட்டு
பேசாமல் நில்லுங்கள்.

ஒன்றை மட்டும் போனில் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி எதிரே லாட்ஜ் சந்துகளில் நன்றாக விற்கும்.
வாடகை ஸ்டவ்வில் சமைக்கும் வங்காளக் குடும்பங்கள்,
கடுகின் காரம் தெரிந்த நாக்குகள்.
ஷர்மிஷ்டா என்று ஒருவர்
மூன்று வாரம் தினம் ஒரு டப்பா வாங்கினார்.
நான் யாருக்கென்று கேட்கவில்லை,
விற்கிறது என்று மட்டும் பார்த்தேன்.
கணவருக்காம். கீமோ போய்க்கொண்டிருக்கிறதாம்.
பச்சையாய் எதுவுமே கூடாதென்று
நர்ஸ் திட்டியதாய் அவரே வந்து சொன்னார்,
என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.
அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.
அன்றிரவு நான் எல்லா ட்ரேயையும்
குனிந்து குனிந்து முகர்ந்துகொண்டிருந்தேன்.

இப்போது டப்பாவை நீட்டுமுன் கேட்கிறேன்,
"கார் ஜொன்னோ?"
யாருக்கு?
நான் கற்ற வங்காளம் அவ்வளவுதான்.
அந்தச் சந்தில் வியாபாரம் பாதியாகிவிட்டது.
ரத்தம் ஊறுமா, சர்க்கரை இறங்குமா என்று
உங்களையும் கேட்பார்கள்.
தெரியாது என்று சொல்லப் பழகுங்கள்,
கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை.

சனிக்கிழமை சத்துவாச்சாரி வாருங்கள்,
அறுப்பு இருக்கிறது, கத்தி நான் தருகிறேன்.
பழைய தோல்பை இன்னும் வைத்திருந்தால்
நிறைய பத்து ரூபாயாய்க் கொண்டு வாருங்கள்.
எல்லாரும் நூறாகவே நீட்டுகிறார்கள்,
மீதி முப்பது என்னிடம்
ஒருநாளும் இருப்பதில்லை.